நெல்வேரின் வாசல்கள்

நெல் உமியை வெள்ளைச் சாம்பலாகும்வரை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எஞ்சும். அந்தச் சாம்பலில் மிகப் பெரும்பகுதி சிலிக்கா. ஆற்று மணலிலும் சன்னல் கண்ணாடியிலும் இருக்கிற அதே பொருள். உமிக்கரியால் பல் துலக்கிய தலைமுறைக்கு அதன் நறநறப்பு தெரியும். களையெடுப்பவர்களின் முன்கையைக் கீறும் நெல்லிலை ஓரத்தின் கூர்மையும் அதனால் வருவதுதான். நெற்பயிரின் தண்டிலும் இலையிலுமாக, உலர் எடையில் 10 விழுக்காடு வரை சிலிக்கான் சேரக்கூடும். அதே வயலில் தக்காளியை நட்டால் இதில் மிகச் சிறிய பங்குதான் அதனுள் சேரும். இரண்டுக்கும் மண்ணும் ஒன்று, பாய்கிற தண்ணீரும் ஒன்று. வேறுபாடு வேர்ச்செல்களைப் போர்த்தியிருக்கும் சவ்வில் இருக்கிறது. அங்கே எந்தப் புரதம் உட்கார்ந்திருக்கிறது, செல்லின் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

இதைக் கண்டுபிடித்த வழி சுவையானது. தனிமங்களின் அட்டவணையில் சிலிக்கானுக்கு நேர் கீழே இருப்பது ஜெர்மானியம். வேதியியல் நடத்தையில் இரண்டும் நெருங்கிய உறவு. நெல்லுக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. ஜெர்மானியம் கலந்த நீரைக் கொடுத்தால் சிலிக்கான் என்று நம்பி உறிஞ்சிக்கொள்ளும், இலைகளில் பழுப்புப் புள்ளிகள் விழும். மா ஜியான் ஃபெங் என்ற ஆய்வாளரின் குழு ஜப்பானில், மரபணுக்களில் தற்செயல் மாற்றங்கள் புகுத்தப்பட்ட ஏராளமான நெல் நாற்றுகளுக்கு இந்த நஞ்சைக் கொடுத்தது. புள்ளி விழாமல் பச்சையாக நின்ற நாற்றுக்குச் சிலிக்கான் எடுக்கும் வழியே பழுதாகியிருக்க வேண்டும் என்பது கணக்கு. 2002இல் அப்படியொரு பயிர் கிடைத்தது. அதில் கெட்டிருந்த மரபணுவை 2006இல், ஒகயாமா பல்கலைக்கழகத்திலிருந்து, ‘நேச்சர்’ இதழில் அறிவித்தார்கள். அதற்கு எல்எஸ்ஐ1 என்று பெயர். அந்த மரபணு பழுதான பயிரை வயலில் வளர்த்தபோது, சாதாரண நெல்லின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்குதான் கிடைத்தது. சிலிக்கான் பயிர்களுக்கு இன்றியமையாத சத்தல்ல என்று பாடநூல்கள் சொல்லும். ஆய்வகத் தொட்டியில் அது சரி. பூச்சியும் பூஞ்சையும் காற்றும் உள்ள வயலில் அப்படிச் சொல்லிவிட முடியாது.

எல்எஸ்ஐ1 தயாரிக்கும் புரதம் 298 அமினோ அமிலங்களால் ஆன ஒரு கால்வாய். சவ்வை ஆறு முறை குறுக்கே ஊடுருவி, நடுவில் ஒரு துளையை உருவாக்குகிறது. மண்ணீரில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்துக்கு மின்னேற்றம் இல்லை. அந்தத் துளை வழியே தானாக உள்ளே நழுவும். இதுவரை வியப்பு ஒன்றுமில்லை. வியப்பு அது அமர்ந்திருக்கும் இடத்தில்தான்.

வேரின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்தால், வெளிப்புறத்துக்கு அருகில் ஒரு செல்லடுக்கும், நடுவிலிருக்கும் நீர்க்குழாய்த் தொகுதியைச் சுற்றி அகத்தோல் என்ற இன்னொரு அடுக்கும் வளையமாகத் தெரியும். இந்த இரண்டு அடுக்குகளிலும் செல்களுக்கு இடையிலுள்ள சுவர், நீர் புகாத பட்டையால் அடைக்கப்பட்டிருக்கிறது. அதைக் காஸ்பேரியன் பட்டை என்பார்கள். சுவர் வழியாகவே கசிந்து உள்ளே போய்விடலாம் என்று வரும் எந்தக் கரைபொருளும் இங்கே நின்றாக வேண்டும். செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போய், மறுபக்கச் சவ்வைத் தாண்டி வெளியேறினால்தான் மேற்கொண்டு வழி. இந்த இரண்டு அடுக்குகளின் செல்களிலும் எல்எஸ்ஐ1 மண்ணைப் பார்த்த பக்கத்தில் மட்டுமே இருக்கிறது. 2007இல் கண்டறியப்பட்ட எல்எஸ்ஐ2 என்ற மற்றொரு புரதம், அதே செல்லின் உட்பக்கத்தில் மட்டுமே இருக்கிறது. முன்னது உள்ளே விடும். பின்னது வேரின் மையத்தை நோக்கி வெளியே தள்ளும். ஒரே செல்லின் இரு முகங்களில் இரண்டு வாசல்கள். இவை இடம் மாறி அமர்ந்தால் சிலிக்கான் வேரைத் தாண்டி மேலே ஏறாது.

செல் சவ்வைப் பற்றிப் பள்ளியில் நாம் பார்த்த படம் இதற்கு இடம் கொடுப்பதில்லை. சிங்கர், நிக்கல்சன் என்ற இரு அமெரிக்கர்கள் 1972இல் முன்வைத்த மாதிரியின் படம் அது: இரண்டடுக்குக் கொழுப்பு, அதில் ஆங்காங்கே மிதக்கும் புரத உருண்டைகள். அடிப்படை சரிதான். சவ்வின் தடிமன் 7, 8 நானோமீட்டர். ஏறத்தாழப் பத்தாயிரம் சவ்வுகளை அடுக்கினால் ஒரு தலைமயிரின் தடிமன் வரும். கொழுப்பு மூலக்கூறுகளின் வால்கள் நீரை வெறுப்பதால் உள்நோக்கித் திரும்பியிருக்கின்றன. அந்த எண்ணெய்ப் படலத்தை அயனியோ சர்க்கரையோ எளிதில் கடக்காது. கடக்க உதவும் புரதங்களின் நடுப்பகுதியும் நீரை வெறுக்கும் அமினோ அமிலங்களால் சுருண்டிருப்பதால் அவை சவ்வுக்குள் நிலைகொள்கின்றன. ஆனால் படம் ஒரு தவறான எண்ணத்தையும் விதைத்துவிடுகிறது: புரதங்கள் எங்கே வேண்டுமானாலும் மிதக்கலாம் என்ற எண்ணம். தாவரச் செல்லைப் பொறுத்தவரை சவ்வுப் புரதத்தின் வேலையில் பாதி அதன் முகவரி. ஓடிப் போக முடியாத உயிருக்கு, எதை எந்தப் பக்கம் விடுவது என்பதில்தான் பிழைப்பே அடங்கியிருக்கிறது.

ஒரு புரதம் என்ன செய்கிறது என்பதை உறுதிசெய்யத் தவளையின் முட்டை உதவுகிறது. ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டைச் செல் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ளது, கண்ணுக்கே தெரியும். குளத்து நீரில் இடப்படுவதால் அதன் சவ்வு நீரை அவ்வளவாக உள்ளே விடாது. ஆய்வு செய்ய வேண்டிய மரபணுவின் ஆர்.என்.ஏ. நகலை நுண்ஊசியால் உள்ளே செலுத்தி ஓரிரு நாள் விட்டுவைத்தால், முட்டை அந்தப் புரதத்தைத் தானே தயாரித்துத் தன் சவ்வில் பதித்துக்கொள்ளும். 1992இல் பீட்டர் ஆகர் குழு, மனித இரத்தச் சிவப்பணுவில் கிடைத்த ஒரு புரதத்தின் நகலைச் செலுத்தி, முட்டைகளை நீர்த்த கரைசலில் போட்டது. சில நிமிடங்களில் அவை ஊதி வெடித்தன. ஊசி போடாத முட்டைகள் அப்படியே கிடந்தன. நீருக்கென்றே தனிக் கால்வாய் உண்டு என்பது அன்று உறுதியானது. 2003இல் ஆகருக்கு நோபல் பரிசு. இடையில் 1993இலேயே மோரெல், கிறிஸ்பீல்ஸ் உள்ளிட்டோர் இதே சோதனையைத் தாவரப் புரதம் ஒன்றில் செய்துகாட்டினார்கள். அரபிடாப்சிஸ் என்ற சிறு கடுகினச் செடியில், செல்லின் நடுவே நீர் தேங்கும் பையின் சவ்விலிருந்து வந்த புரதம் அது.

அக்வாபோரின் எனப்படும் இந்தக் குடும்பத்தில் மனிதனுக்கு 13 உறுப்பினர்கள். நெல்லுக்கு 33. தண்ணீருக்காக எழுந்து நடக்க முடியாதவர்களுக்கு இவ்வளவு தேவைப்படுகிறது போலும். எல்எஸ்ஐ1 இதே குடும்பத்துப் பிள்ளைதான். துளையின் மிகக் குறுகிய இடத்தில் பருமனான அமினோ அமிலங்களுக்குப் பதில் சிறியவை வந்து உட்கார்ந்ததால், நீரைவிடப் பெரிய சிலிசிக் அமிலமும் நுழைய வழி பிறந்தது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். அடைமழைக்குப் பிறகு கத்தரியும் மிளகாயும் தண்ணீரில் நின்றபடியே வாடுவதைப் பார்த்திருப்போம். வெள்ளத்தில் மூழ்கிய வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் செல்லின் உட்பகுதி அமிலமாகிறது. அந்த அமிலத்தன்மையை அக்வாபோரினில் உள்ள ஹிஸ்டிடின் என்ற ஓர் அமினோ அமிலம் உணர்ந்துகொள்ள, கால்வாய் மூடிக்கொள்கிறது. இது 2003இல் அரபிடாப்சிஸ் வேரில் காட்டப்பட்டது. சுற்றிலும் நீர் இருந்தும் செடி வாடுவதற்கு இது ஒரு காரணம்.

கால்வாய் வெறும் பாதை. சரிவு இருந்தால்தான் பொருள் ஓடும். அந்தச் சரிவை உண்டாக்குவது வேறொரு புரதம்: புரோட்டான் பம்பு. நம் உடலின் செல்கள் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுத்து மின்னழுத்தம் உண்டாக்கிக்கொள்கின்றன. பயிர்களிடம் அந்த இயந்திரம் இல்லை. அவை ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து ஒரு புரோட்டானை வெளியே தள்ளுகின்றன. விளைவாகச் செல்லுக்கு வெளியே பி.எச். அளவு (எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 5.5இல் நிற்க, உள்ளே 7.2க்கு மேல் இருக்கிறது. சவ்வின் குறுக்கே 120 முதல் 200 மில்லிவோல்ட் வரை மின்னழுத்த வேறுபாடு. நரம்புச் செல்லின் ஓய்வுநிலை அழுத்தம் 70 மில்லிவோல்ட்தான் என்பதோடு ஒப்பிட்டால் வேரின் சாது முகத்துக்குப் பின்னால் இருக்கும் மும்முரம் விளங்கும். நைட்ரேட், பாஸ்பேட், சர்க்கரை, அமினோ அமிலம் எல்லாம் வெளியே தள்ளப்பட்ட புரோட்டான்கள் உள்ளே திரும்பும்போது அவற்றுடன் சேர்ந்து சவ்வைக் கடக்கின்றன. எல்எஸ்ஐ2 சிலிக்கானை வெளியே தள்ளுவதும் இந்தப் புரோட்டான் சரிவின் பலத்தில்தான்.

இந்தப் பம்புக்கு ஒரு வால் உண்டு. அதுவே அதன் பிரேக். தேவைப்படும்போது வேறொரு புரதம் அந்த வாலைப் பற்றி விலக்கும், பம்பு ஓடும். தேவை முடிந்ததும் வால் மீண்டும் மடங்கும். வாதுமை, பீச் மரங்களைத் தாக்கும் ஒரு பூஞ்சை சுரக்கும் ஃபுசிகாக்சின் என்ற நஞ்சு, அந்தப் பிடியை விடுபடாதபடி பூட்டிவிடுகிறது. பம்பு ஓயாமல் ஓடுகிறது. இலைத்துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல்களில் இது நடந்தால் துளை திறந்தது திறந்தபடியே இருக்கும். நீரெல்லாம் ஆவியாகி இலை வாடும். நஞ்சு எந்தப் புரதத்தையும் அழிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவிடவில்லை, அவ்வளவுதான். நாகோயா, நான்ஜிங் ஆய்வாளர்கள் சேர்ந்து 2021இல் நெல்லில் இதற்கு நேர்மாறான நன்மையைக் காட்டினார்கள்: ஓஎஸ்ஏ1 என்ற பம்பைக் கூடுதலாகத் தயாரிக்கச் செய்தபோது வேர் அதிக அம்மோனியம் எடுத்தது, இலைத்துளை நன்றாகத் திறந்தது, வயல் சோதனையில் விளைச்சல் 30 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. வயல் சோதனையில் 30 விழுக்காடு என்றால் உழவர் வயலிலும் 30 என்று பொருளல்ல. துளை அதிகம் திறந்த பயிர் தண்ணீரையும் அதிகம் குடிக்கும். கடைமடையில் அது எப்படி நிற்கும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இனி ஆர்சனிக். வங்காளத்தில் குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கிலிருந்து மக்களைக் காக்க லட்சக்கணக்கில் ஆழமில்லாத குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. அந்த நீரில் மண்ணடியிலிருந்து கரைந்து வந்த ஆர்சனிக் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, உள்ளங்கையும் பாதமும் தடித்து, உடலில் புள்ளி விழுந்து வந்த கிராமத்தவர்களிடம் அதன் நஞ்சை அடையாளம் கண்டார். குடிநீர்ப் பிரச்சினையாகத் தொடங்கியது சோற்றுப் பிரச்சினையாகவும் ஆனது. கோடை நெல்லான போரோவுக்கு அதே கிணற்று நீர்தானே பாய்கிறது?

நீர் தேங்கிய வயலில் ஆக்சிஜன் இல்லாததால் ஆர்சனிக், ஆர்சனைட் வடிவத்துக்கு மாறி மண்ணீரில் கரைகிறது. ஆர்சனைட்டும் சிலிசிக் அமிலமும் ஏறக்குறைய ஒரே பருமன். வயல் மண்ணின் அமிலநிலையில் இரண்டுக்கும் மின்னேற்றம் இல்லை. எல்எஸ்ஐ1 பொருளின் பெயரைக் கேட்பதில்லை, உருவத்தையும் மின்னேற்றத்தையுமே பார்க்கிறது. எனவே ஆர்சனைட் தடையின்றி நுழைகிறது. எல்எஸ்ஐ2 அதை மரியாதையாக வேரின் மையத்துக்கு அனுப்பியும் வைக்கிறது. மா குழுவே இதையும் 2008இல் வெளிக்கொண்டுவந்தது. எல்எஸ்ஐ2 பழுதான நெல்லின் வைக்கோலில் ஆர்சனிக் சாதாரண நெல்லில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. அரிசியில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

அப்படியானால் அந்த வாசலை மூடிவிடலாமே என்று தோன்றும். பத்தில் ஒரு பங்கு விளைச்சல் தந்த பயிரை நினைத்துக்கொண்டால் பதில் கிடைத்துவிடும். சிலிக்கான் இல்லாத நெல் சாய்கிறது, குலைநோய்க்கு இரையாகிறது. நஞ்சும் சத்தும் ஒரே வழியில் வரும்போது வழியை அடைப்பது உழவருக்குத் தீர்வாகாது. மண்ணில் சிலிக்கானை மிகுதியாக்கினால் வாசலில் போட்டி கூடி ஆர்சனிக் ஓரளவு பின்தங்கும்; வைக்கோலையும் உமிச் சாம்பலையும் வயலுக்கே திருப்புவதில் இப்படியொரு பயனும் இருக்கக்கூடும். மற்றொரு வழி, டெல்டா உழவர்களுக்கு நன்கு தெரிந்த காய்ச்சலும் பாய்ச்சலும். வயலை இடையிடையே காயவிட்டால் மண்ணில் ஆக்சிஜன் புகுந்து ஆர்சனிக் மீண்டும் மண்துகளோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் குறைவு.

ஆனால் காடுமியம் உள்ள மண்ணில் இது திருப்பித் தாக்குகிறது. ஆர்சனிக்குக்கு நேர் எதிராக, காடுமியம் மண் காயும்போதுதான் விடுபடுகிறது. ஜப்பானின் தொயாமா பகுதியில் ஜின்சு ஆற்று நீர் பாய்ந்த வயல்களின் அரிசியைத் தின்ற மக்களுக்கு எலும்புகள் மென்மையாகி, தும்மினால்கூட முறியும் அளவுக்கு நோய் முற்றியது. இதாய்-இதாய் நோய் எனப்பட்ட அதற்குச் சுரங்கக் கழிவில் வந்த காடுமியமே காரணம் என்று அந்நாட்டு அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. காடுமியம் வேருக்குள் நுழையும் வழி 2012இல் தெளிவானது. நெல்லுக்கு வேண்டிய மாங்கனீசை எடுக்கும் என்ராம்ப்5 என்ற கடத்திதான் அது. எல்எஸ்ஐ1 போலவே அதே இரண்டு செல்லடுக்குகளில், மண்ணைப் பார்த்த அதே பக்கத்தில் இதுவும் அமர்ந்திருக்கிறது.

அதே ஆண்டில் ஜப்பானின் மற்றொரு குழு, கோஷிஹிகாரி நெல் விதைகளில் கார்பன் அயனிக் கற்றையைப் பாய்ச்சி, என்ராம்ப்5 பழுதான பயிர்களைத் தேர்ந்தெடுத்தது. அரிசியில் காடுமியம் அநேகமாகக் கருவிக்கு அகப்படாத அளவுக்கு இறங்கியது, விளைச்சல் கெடவில்லை. ஆனால் இன்னொரு ஆய்வில், மாங்கனீசு குறைந்த நிலையில் இத்தகைய பயிர் மோசமாகத் தேய்ந்தது. நீர் தேங்கிய நெல்வயலில் கரைந்த மாங்கனீசு பொதுவாகத் தாராளம் என்பதால் கோஷிஹிகாரி தப்பித்தது. அதே பயிரை மாங்கனீசு அரிதான மணற்பாங்கான நிலத்தில் போட்டால் அந்தத் தாராளம் இருக்காது. விதையை மட்டும் பார்த்து ரகத்தை மதிப்பிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வாசலை அடைக்க முடியாதபோது, உள்ளே வந்த நஞ்சை வழியில் மடக்கும் புரதங்கள் முக்கியமாகின்றன. நெற்கதிருக்குக் கீழே உள்ள கணு ஒரு சந்திப்பு நிலையம். வேரிலிருந்து வரும் சரக்கு எது இலைக்கு, எது மணிக்கு என்று அங்கே பிரிகிறது. அந்தக் கணுவில், உணவு கடத்தும் ஃபுளோயம் குழாய்களை ஒட்டிய துணைச்செல்களில், ஏபிசிசி1 என்ற புரதம் ஆர்சனிக்கைச் செல்லின் நடுவிலுள்ள பைக்குள் தள்ளிப் பூட்டிவைக்கிறது. 2014இல் இதை விவரித்தவர்கள், இந்தப் புரதம் இல்லாத பயிரின் அரிசியில் ஆர்சனிக் ஏறியதையும் காட்டினார்கள். இது செல்லின் வெளிச்சவ்வில் இல்லை, உட்பையின் சவ்வில் இருக்கிறது. நஞ்சை மணிக்குப் போகும் வழியிலேயே, அதுவும் கடைசிக் கட்டத்தில், நிறுத்துவதால்தான் இந்த ஏற்பாட்டுக்கு இவ்வளவு மதிப்பு.

உப்பிலும் இதே கதை, சற்றே எதிர்பாராத திருப்பத்தோடு. கேரளத்தின் எறணாகுளம், ஆலப்புழா கடலோரங்களில் பொக்காளி நெல்லை வேலியேற்ற நீர் புகும் வயல்களில் விளைவிக்கிறார்கள். நெல் முடிந்ததும் அதே வயலில் இறால். மேற்கு வங்கத்தின் நோனா போக்ராவும் உவர்நிலம் தாங்கும் பழைய ரகம். இத்தகைய நெல் உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது என்று நினைக்கத் தோன்றும். சீன ஆய்வாளர்கள் நோனா போக்ராவை உப்புக்குத் தாங்காத கோஷிஹிகாரியுடன் கலந்து பல தலைமுறை தேடி, 2005இல் கண்ட மரபணு வேறு விடை சொன்னது. எச்கேடி1;5 என்ற அந்தப் புரதம் சோடியத்தைச் செல்லுக்குள் இழுக்கும் கடத்தி. உப்பில் வாடும் பயிருக்கு உப்பை இழுக்கும் புரதத்தால் என்ன லாபம்?

லாபம் அது இருக்கும் இடத்தால் வருகிறது. வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றும் சைலம் குழாயைச் சுற்றியுள்ள செல்களில் அது இருக்கிறது. மேலே போய்க்கொண்டிருக்கும் நீரிலிருந்து சோடியத்தை ஓரமாக இழுத்துக்கொள்கிறது. இலைக்குப் போய்ச் சேரும் நீரில் உப்பு குறைகிறது. பொட்டாசியத்தை நம்பி இயங்கும் இலையின் நொதிகள் பிழைத்துக்கொள்கின்றன. இதே புரதம் வேரின் வெளித்தோலில் இருந்திருந்தால் பயிரைக் கொன்றிருக்கும். நோனா போக்ராவின் புரதத்துக்கும் கோஷிஹிகாரியின் புரதத்துக்கும் நான்கே அமினோ அமிலங்கள்தான் வித்தியாசம். முன்னது சோடியத்தை வேகமாகக் கடத்துகிறது. ஆஸ்திரேலியாவில் இதே குடும்பத்து மரபணுவை ஒரு பழங்காலக் கோதுமையினத்திலிருந்து டியூரம் கோதுமைக்குக் கலப்பின வழியில் கொண்டுவந்து, உவர்நிலத்தில் 25 விழுக்காடு கூடுதல் மகசூல் கண்டதாக 2012இல் அறிவித்தார்கள். டெல்டாவின் கடலோர ஒன்றியங்களில் நிலத்தடி நீர் உவர்த்துவரும் நிலையில், நம் பழைய உவர்நில ரகங்களில் இந்தப் புரதத்தின் எந்த வடிவம் இருக்கிறது என்ற பட்டியல், விதைத் திருவிழாக்களில் விற்கும் கதைகளைவிடப் பயன்படும்.

இதுவரை சொன்னவையெல்லாம் பொருளைக் கடத்தும் புரதங்கள். சவ்வில் இன்னொரு பெரிய கூட்டம், எதையும் கடத்தாமல் செய்தி மட்டும் சொல்லும் ஏற்பிகள். சின்னஞ்சிறு அரபிடாப்சிஸில்கூட இவ்வகைப் புரதங்களின் மரபணுக்கள் 600க்கு மேல். வெளியே நீட்டிய பகுதி அந்நிய மூலக்கூறைப் பற்றும். உள்ளே தொங்கும் பகுதி நொதியாக இயங்கி எச்சரிக்கையைத் தொடங்கிவைக்கும். எதிர்ப்பாற்றல் செல்களோ இரத்த ஓட்டமோ இல்லாத செடியில், ஒவ்வொரு செல்லும் தன் காவலைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் இத்தனை.

நெல்லில் இவற்றுள் பெயர்பெற்றது எக்ஸ்ஏ21. மாலி நாட்டிலிருந்து வந்த காட்டு நெல் ஒன்றிலிருந்து கலப்பின வழியில் பயிர் நெல்லுக்கு வந்தது. 1995இல் பமீலா ரோனால்டின் குழு மரபணுவைப் பிரித்தெடுத்தது. பாக்டீரியா இலைக்கருகல் நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸை அது உணர்கிறது. பாக்டீரியாவின் எந்த மூலக்கூறை உணர்கிறது என்று முதலில் வெளியிட்ட முடிவு தவறென்று தெரிந்ததும், குழு தன் கட்டுரையை 2013இல் தானே திரும்பப் பெற்றது. 2015இல் ராக்ஸ்-எக்ஸ் என்ற சிறு புரதமே அது என்று நிறுவியது. அறிவியல் உலகில் இவ்வளவு வெளிப்படையாகத் திரும்பிவந்து நிமிர்ந்தவர்கள் குறைவு.

நம் கடைகளில் ஆந்திரா பொன்னி என்று விற்கும் பிபிடி 5204, அதாவது சம்பா மசூரி, இந்தக் கருகல் நோய்க்கு மிக எளிதாக விழும். ஐதராபாத்தின் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து, மரபணு மாற்றம் செய்யாமல், டி.என்.ஏ. குறியீடுகளின் துணையோடு கூடிய கலப்பினத்தால் மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியை உருவாக்கின. மூன்றில் ஒன்று எக்ஸ்ஏ21. இன்னொன்று எக்ஸ்ஏ13. அதுவும் சவ்வுப் புரதம் தொடர்பானதே, ஆனால் காவலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சர்க்கரையைச் செல்லுக்கு வெளியே விடும் ஸ்வீட் என்ற கடத்திக் குடும்பத்தை வோல்ஃப் ஃப்ராமரின் குழு 2010இல் அடையாளம் கண்டது. நெல்லில் இவை இருபதுக்கு மேல். மகரந்தத்துக்கு உணவூட்டுவது, மணிக்குச் சர்க்கரை சேர்ப்பது போன்ற வேலைகள் இவற்றுக்கு. இலையின் சைலத்துக்குள் புகும் சாந்தோமோனாஸ், தன் புரதம் ஒன்றை ஊசிபோல நெல்லின் செல்லுக்குள் செலுத்துகிறது. அது செல்லின் உட்கருவுக்குப் போய், ஸ்வீட்11 மரபணுவுக்கு முன்னால் உள்ள இயக்குபகுதியில் உட்கார்ந்து, இலையில் உறங்க வேண்டிய மரபணுவை எழுப்பிவிடுகிறது. கடத்தி சவ்வில் முளைக்கிறது. சர்க்கரை வெளியே கசிகிறது என்றும் பாக்டீரியா அதைத் தின்று பெருகுகிறது என்றும் ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். விருந்தாளிக்கு வாசலைத் திறப்பது வீட்டுக்காரரின் சொந்தப் புரதம்தான்.

இந்தக் கடத்தியை அழித்துவிட்டால் மகரந்தம் கெடும், மணி பிடிக்காது. ஸ்வீட்11 மரபணுவின் எக்ஸ்ஏ13 என்ற இயற்கை வடிவம் கடத்தியை அழிக்கவில்லை. பாக்டீரியாவின் புரதம் உட்காரும் அந்தச் சிறு பகுதியின் எழுத்துகள் மட்டும் அதில் மாறியிருக்கின்றன. மகரந்தத்தில் மரபணு வழக்கம்போல் விழிக்கிறது. இலையில் பாக்டீரியா எழுப்பினால் எழுவதில்லை. மரபணுத் திருத்தம் வந்த பிறகு இதையே வேண்டுமென்று செய்யத் தொடங்கினார்கள். பாக்டீரியாவின் வெவ்வேறு இனங்கள் ஸ்வீட்11, 13, 14 ஆகிய மூன்றில் ஒன்றைக் குறிவைப்பதால், மூன்றின் இயக்குபகுதிகளையும் ஒருசேரத் திருத்திய நெல் 2019இல் அறிவிக்கப்பட்டது.

அதே ஆண்டு தான்சானியாவில், அங்கு வழக்கமில்லாத ஆசிய வகை சாந்தோமோனாஸ் வயல்களில் பரவத் தொடங்கியது. ஆப்பிரிக்க இனங்கள் ஸ்வீட்11ஐத் தொடுவதில்லை. வந்து சேர்ந்த இது தொட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பயிராகும் கொம்போகா என்ற ரகத்தில் மூன்று இயக்குபகுதிகளையும் திருத்தி, உள்ளூர் இனங்களையும் புதிதாக வந்ததையும் தாங்கும் நெல்லை 2023இல் வெளியிட்டார்கள். ஸ்வீட் புரதங்களில் ஓர் அமினோ அமிலம்கூட மாற்றப்படவில்லை.